தரையில் கன்னம் வைத்துப் பார்த்தவர்

நான் அவரை முதன்முதலாகக் கண்டபோது அவர் தரையில் கிடந்தார். மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைத்து, மகளின் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அவர் ஒரு கையை மட்டும் உயர்த்தி என்னை நிறுத்தினார். கன்னம் தரையோடு ஒட்டியிருந்தது. ஒரு கண் மூடியிருந்தது. திறந்திருந்த கண்ணுக்கு நேரே, நீள உடம்பும் குட்டைக் கால்களுமாக ஒரு கிழட்டு நாய் சுவரோரமாக நடந்து வந்துகொண்டிருந்தது. நாயின் சொந்தக்காரரான நோர்வேஜிய முதியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பூசை நேரத்தில் நிற்பவர் போல நின்றார்.

"வா ராசா," என்றார் தரையில் கிடந்தவர், நாயிடம், தமிழில். "மெல்ல வா. ஒருத்தரும் உன்னைக் கலைக்கேல்லை."

நாய் வந்தது. அவர் எழுந்து உட்கார்ந்து, முதியவரிடம் நல்ல நோர்வேஜிய மொழியில், "இடது இடுப்பு. நீங்கள் வலதுபக்கம் என்று சொன்னீர்கள், ஆனால் அது வலது காலில் சாய்ந்து நடப்பது இடதைக் காப்பாற்றத்தான்," என்றார். அதுவரை அவர் நாயைத் தொடவே இல்லை.

ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் இருந்தது அவருடைய சிறிய மிருக வைத்தியசாலை. அதன் வாசலைத் தாண்டிப் போகும்போதுதான் அன்று அவரைக் கண்டேன். இரண்டாயிரமாம் ஆண்டு கழிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். நாங்கள் அதே பக்கத்தில், எல்லிங்ஸ்ருட்டில் குடியிருந்தோம். எங்கள் தமிழ் ஆட்களிடையே அவருக்குப் பெயர் 'மிருக டொக்டர் அக்கா'. அவர் இல்லாத இடத்தில் 'நாய் டொக்டர்'. ஊரில் மிருக வைத்தியம் படித்து முடித்து, இங்கு வந்து மறுபடியும் மொழியிலிருந்து தொடங்கிப் படித்தவர். வாசலில் அவருடைய பெயர் எழுதிய பலகை இருந்தது. ஆனால் நான் அவரை அக்கா என்றல்லாமல் வேறெப்படியும் அழைத்ததில்லை. இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஒருமுறை கலியாண மண்டபத்தில், நாலு பெண்கள் கூடியிருந்த மேசையில், ஒரு மாமி அவரைப் பிடித்துக்கொண்டார்.

"இவ்வளவு படிச்சனீர், இன்னும் ரெண்டு வருசம் சேத்துப் படிச்சிருந்தால் மனிசருக்கு டொக்டராகியிருக்கலாமே?"

"மாமி, மனிசர் வாயைத் திறந்து பொய் சொல்லுவினம். நாய் சொல்லாது."

"அதெண்டால் உண்மைதான். எண்டாலும் என்ர முழங்காலை ஒருக்காப் பாரும்."

"நாலு கால் இருந்தால் கொண்டு வாங்கோ."

மேசையே சிரித்தது. ஆனால் அந்த மாமி எழுந்து சாப்பாட்டு வரிசைக்குப் போனபோது அக்கா சிரிக்கவில்லை. மாமி நடக்கும்போது சேலைக் கரை அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சரிந்து, "முழங்காலில ஒண்டுமில்லை. காலில போடுற சப்பாத்துத்தான் பிழை. நீர் மெல்லச் சொல்லிவிடும், நான் சொன்னாக் கேக்கமாட்டா," என்றார். மாமி சப்பாத்தை மாற்றினார் என்பதும், பிறகு வலி குறைந்ததாகச் சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். அது சப்பாத்தினால்தானா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

அவருடைய அறையில் ஒரு வாக்கியத்தைத்தான் அடிக்கடி கேட்கலாம்: "சொல்லாதைங்கோ, செய்து காட்டுங்கோ." பிராணியைக் கொண்டுவருபவர்கள் கதை சொல்லத் தொடங்குவார்கள். எப்போது தொடங்கியது, இணையத்தில் என்ன வாசித்தோம், யார் என்ன சொன்னார்கள். அவர் காது கொடுப்பார். ஆனால் முகத்தில் ஒன்றும் பதியாது. பிறகு ஒரு துவாயைச் சுருட்டிக் கையில் கொடுப்பார். முதுகு நொந்த முயலைக் கொண்டுவந்த ஒரு பெண், அதை எப்படித் தூக்குவாள் என்று அந்தத் துவாயைத் தூக்கிக் காட்டியதை நான் கண்டிருக்கிறேன். முன்னங்கால்களின் கீழே பிடித்து, பின்பக்கம் காற்றில் தொங்க. தூக்கியவளே பாதியில் நிறுத்தி, துவாயின் தொங்கும் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.  அக்கா அவளுடைய மற்றக் கையை எடுத்து, துவாயின் அடியில் வைத்தார். அவ்வளவுதான்.

எங்களை அவரிடம் கொண்டுபோனது நிஸ்ஸே.

நிஸ்ஸே ஒரு ஃபெரெட். கீரியின் உடம்பு, பூனைக்குட்டியின் முகம், திருடனின் கண்கள். என் கணவரின் தங்கை கீர்த்தி, அப்போது உயர்பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவள், வகுப்புத் தோழி ஒருத்தியிடமிருந்து குட்டியாக வாங்கி, கம்பளிக் குல்லாய்க்குள் ஒளித்துக்கொண்டு வந்தாள். வீட்டில் வளர்க்கும் இந்தப் பிராணிக்கு நோர்வேஜிய மொழியில் 'தமில்டர்' என்று பெயர். பஸ் ஓட்டிவிட்டுக் களைத்துவந்த என் கணவர் அதைக் கேட்டுவிட்டு, "பேரிலயே எங்கட ஆள். விசா இருக்கோ எண்டு கேள்," என்றார். பிறகு, "எலி எலிதான். என்ர கண்ணில படாமல் வச்சிரு," என்று போய்ப் படுத்துக்கொண்டார்.

என் மகளுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பிராணியின் உரோமம், நகம், கடி, கிருமி என்று ஒவ்வொன்றுக்கும் குழந்தை நல நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கிருந்த தாதிக்கு என் குரலே அடையாளமாகிவிட்டது. கையைக் கழுவினால் போதும் என்றார். போதுமா என்று மறுபடியும் கேட்டேன்.

சில மாதங்களில் நிஸ்ஸே ஓடுவதை நிறுத்தியது. முதலில் சோபாவில் ஏற மறுத்தது. பிறகு முன்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விலகி, கடல்நாய் போல வயிற்றால் இழுபட்டது. தூக்கினால் கீச்சிட்டது. கீர்த்தி அதை வேறொரு வைத்தியரிடம் கொண்டுபோனாள். அவர் அன்பான மனிதர்தான். முதுகுத்தண்டில் அடிபட்டிருக்கலாம், கஷ்டப்படுத்தாமல் முடித்துவிடுவது நல்லது என்று சொல்லி, யோசிக்க நேரம் கொடுத்து அனுப்பினார். அடி என்ற சொல்லைக் கேட்டதும் தள்ளுவண்டியின் சில்லு என்று நினைத்தேன். வீட்டுக்குள் இருந்த ஒடுங்கிய நடைபாதையில் எத்தனை தரம் அதை உருட்டியிருப்பேன்? ஏதோ ஒரு தரம் மெத்தென்று ஏறியதே, அது மகளின் கரடிப் பொம்மைதானா?

அக்காவிடம் போனதும் முதல் வேலையாக அதைத்தான் கொட்டினேன். அவர் நாங்கள் நிஸ்ஸேயைக் கொண்டுபோன சப்பாத்துப் பெட்டியைத் தரையில் வைத்து, மூடியைத் திறந்து, மறுபடியும் கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டார். நிஸ்ஸே வெளியே வரவில்லை. அவர் காத்திருந்தார். எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, வண்டிச் சில்லுத்தான் எண்டு எனக்கு நல்லாத் தெரியும்..."

"பிள்ளை, தெரிஞ்சால் என்னட்டை ஏன் வந்தனீர்?"

எக்ஸ்ரே படம் எடுத்து, வெளிச்சப் பெட்டியில் செருகினார். எலும்பு வெள்ளையாகத் தெரியும் என்றுதான் எனக்குத் தெரியும். நிஸ்ஸேயின் படத்தில் எலும்பு எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியவில்லை. யாரோ புகையால் வரைந்துவிட்டு ஊதியதுபோல் இருந்தது.

"சில்லு ஏறினால் இப்பிடி வராது," என்றார். "இது அடியில்லை. எலும்பு தானாகவே இளகிப்போச்சு. தன்ர பாரத்தைத் தானே தாங்கேலாமல் முன்னங்காலில மெல்லிசா வெடிச்சிருக்கு. என்ன சாப்பிடுறது?"

"கடைத் தீன்தான்," என்றாள் கீர்த்தி. "ஃபெரெட்டுக்கெண்டு விக்கிறது. கோப்பை நிறையப் போட்டிட்டுப் பள்ளிக்கூடம் போவன். வரேக்க வெறுமையா இருக்கும்."

அக்கா அவளை நெடுநேரம் பார்த்தார்.

"சனிக்கிழமை வீட்டை வாறன்," என்றார். "செய்து காட்டுங்கோ."

சனிக்கிழமை வெறுங்கையோடு வந்தார். தேநீர் வேண்டாம் என்றார். குசினித் தரையில், குளிர்சாதனப் பெட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, "நான் இஞ்சை இல்லை. நீங்கள் உங்கட பாட்டைப் பாருங்கோ," என்றார். ஒரு விருந்தாளி தரையில் இருக்கும்போது எப்படி என் பாட்டைப் பார்ப்பது? கழுவிய கோப்பைகளையே மறுபடியும் கழுவினேன். மகள் போய் அவர் மடியில் ஒரு விளையாட்டுக் கட்டையை வைத்தாள், அவர் அசையவில்லை என்றதும் இன்னொன்றையும் வைத்தாள். அன்றிலிருந்து அவள் அவரைக் 'கீழ அன்ரி' என்றுதான் சொன்னாள். கீர்த்தி கோப்பையில் தீனைப் போட்டாள். நிஸ்ஸே பெட்டிக்குள் தலையைக்கூடத் திருப்பவில்லை.

மத்தியானம் கழிந்து என் கணவர் வேலை முடிந்து வந்தார். கதவில் திறப்புச் சத்தம் கேட்டதும், அதுவரை செத்ததுபோல் கிடந்த நிஸ்ஸே தலையை உயர்த்தி, வயிற்றால் இழுபட்டுப் பெட்டியின் ஓரத்துக்கு வந்தது. கீர்த்தி வாயைப் பிளந்தாள். அக்கா மட்டும் ஆச்சரியப்படவில்லை.

"தம்பி," என்றார் தரையில் இருந்தபடியே. "ஒவ்வொரு நாளும் செய்யிறதைச் செய்து காட்டுங்கோ."

என் கணவர் என்னைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். பஸ் கொம்பனி ஜாக்கெட்டைக் கழற்றாமலே, அலமாரியின் பின்பக்கமிருந்து ஒரு சின்னச் சட்டியை எடுத்தார். உப்பும் தூளும் போடாமல், விடியமுன் நாங்கள் எழும்பாத நேரத்தில் அவித்த கோழி. அப்படி ஒரு சட்டி என் குசினியில் இருந்ததே எனக்குத் தெரியாது. சுவரோரமாகக் குந்தி, ஒரு தொடையை எடுத்து, எலும்பைக் கழற்றினார். சதையை நார் நாராகப் பிய்த்தார். ஒவ்வொரு நாரையும் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து நசித்து, எங்கேயாவது ஒரு துணுக்கு எலும்பு தட்டுகிறதா என்று பார்த்து, பிறகுதான் நிஸ்ஸேயின் வாயருகே நீட்டினார். என் மகளுக்குச் சோறு ஊட்டும்போதும் அவர் அப்படித்தான் செய்வார். அவரை விடக் கவனமாக யாரும் எலும்பு எடுக்க முடியாது.

"எலியெண்டு சொன்னது ஆரு?" என்றாள் கீர்த்தி.

"சும்மா இரு."

"அப்ப நான் போடுற தீன்?"

அவர் குனிந்துகொண்டே பால்கனிப் பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே கைப்பிடிக் கம்பியில் கறுப்பும் சாம்பலுமான இரண்டு நோர்வேக் காகங்கள் நல்ல கொழுப்போடு உட்கார்ந்திருந்தன. "மிஞ்சிக் கிடந்தால் நீ ஏசுவாய் எண்டு..."

கீர்த்தி சிரித்துவிட்டாள். அக்காவும் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முழங்காலால் நகர்ந்து போய், என் கணவர் ஒதுக்கி வைத்திருந்த எலும்புகளைத் தட்டில் பார்த்தார்.

"இது எங்கை போகும்?"

"குப்பைக்கு, அக்கா. தொண்டையில குத்திப்போடும் எண்டுதான்..."

"குத்தும். அவிச்ச எலும்பு குத்தும், நீங்கள் நினைச்சது சரி. ஆனால் எலும்பில இருக்கிறது இதின்ர வாய்க்கு வேற வழியாலயும் போகேல்லை. வெறும் இறைச்சி மட்டும் திண்டு வளந்த குட்டி. வளர்ற உடம்பு சுண்ணாம்பு கேக்கும். கிடைக்காட்டில் தன்ர எலும்பில இருந்தே எடுத்துத் திண்ணும்."

என் கணவரின் கை அந்தரத்தில் நின்றது. நிஸ்ஸே அந்த விரலை நக்கிக்கொண்டிருந்தது. அவர் பத்தொன்பது வயதில் தனியாக இந்த நாட்டுக்கு வந்தவர். தாய் தகப்பன் போன பிறகு சின்னத் தங்கையை அழைத்து வளர்த்தவர். அவர் அழுது நான் கண்டதில்லை, அன்றும் காணவில்லை. கையை மெல்ல இழுத்து, ஜாக்கெட்டில் துடைத்தார்.

"எனக்கும் அண்ணா இப்பிடித்தான் மீனில முள்ளு எடுத்துத் தாறவர்," என்றாள் கீர்த்தி, யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாமல். "நான் பெரிசா வந்த பிறகும்."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் ஆறுதல் சொல்லியிருப்பார்கள். நானே வாய் திறந்தேன்.  அக்கா எவரையும் குற்றம் சொன்னதில்லை, எவரையும் தேற்றியதுமில்லை. என் கணவர் நிமிர்ந்து, "சாகுமோ?" என்று கேட்டபோது, "தெரியேல்லை," என்றார். அந்தச் சொல்லை அவ்வளவு நேராகச் சொல்லும் டொக்டரை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குத் தெரியாத ஒன்று இருந்தால் நான் நாலு பேரைக் கேட்பேன், பிறகு ஐந்தாவது ஆளைக் கேட்பேன். அவர் தெரியாததைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அதோடு அமைதியாக இருக்கக்கூடியவர்.

வைத்தியம் என்று அவர் தந்தது மிகக் கொஞ்சம். கடைத் தீனைத் தண்ணீரில் குழைத்துக் கொடுப்பது, சுண்ணாம்புச் சத்துத் திரவம், நோவுக்குச் சில துளிகள். பிறகு ஒரு சிறிய கூடு. ஏற ஒன்றுமில்லாமல், குதிக்க ஒன்றுமில்லாமல், கீழே மெத்தென்ற துணி.

"கட்டுப் போடேல்லையோ?" என்று கேட்டேன்.

"கட்டுப் போட்டால் கட்டின்ர பாரத்தில மற்ற எலும்பு போகும்."

"அப்ப நாங்கள் என்ன செய்யிறது?"

"ஒண்டும் செய்யாமல் இருக்கிறது. அதுதான் கஷ்டம். தூக்காதைங்கோ. நெஞ்சில அணைக்காதைங்கோ. பாவமெண்டு வெளியில விடாதைங்கோ."

அதன் பிறகு வந்த வாரங்கள் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தண்டனைதான். என் கணவர் கூட்டின் முன்னால் குந்தி, கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டு இருப்பார். மகள் அவரைப் பார்த்து அப்படியே இருக்கப் பழகினாள். அவர் கோழி சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அக்கா வாரம் ஒருமுறை வேலை முடிந்து போகும் வழியில் வந்து தரையில் படுத்துப் பார்த்துவிட்டுப் போவார். ஒருநாள் என்னதான் வாசித்து இதெல்லாம் தெரிந்துகொள்கிறீர்கள் என்று கேட்டேன். ஃபெரெட்டைப் பற்றி எழுதியிருப்பது கொஞ்சம் என்றார். அமெரிக்காவில் ஸ்கங்க் என்று நாற்றம் பீச்சும் ஒரு பிராணியைச் சிலர் வீட்டில் வளர்க்கிறார்களாம். அதைப் பற்றி வாசித்தாராம்.

"அந்த நாத்தம் பிடிச்சதையோ?"

"அதின்ர நாத்தப் பையை வெட்டி எடுத்துப்போட்டு மடியில வச்சுக் கொஞ்சுவினம். தாங்கள் திங்கிறதெல்லாம் ஊட்டுவினம். ஒண்டு, கொழுத்துப்போய் மூட்டெல்லாம் தேஞ்சு நொண்டும். இல்லாட்டில் எலும்பு இளகிப் படுக்கும். எல்லாம் பாசத்தால வாற வருத்தம். பாத்தீரே, பிராணி வேற, நாடு வேற. எக்ஸ்ரே ஒண்டுதான்."

பக்கத்தறையில் என் கணவர் இருந்தார். கேட்டிருப்பார். அக்காவும் அவர் கேட்கட்டும் என்றுதான் சொன்னாரோ என்று நான் பல நாள் யோசித்தேன். உலகத்தில் வேறு மூலைகளிலும் இதே தவறை அன்பாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியவேண்டும் என்று. இல்லை, வெறுமனே ஸ்கங்கைப் பற்றித்தான் சொன்னாரோ. அவரிடம் இதைப் பிரித்தறிய முடியாது.

இரண்டாவது படத்தில் எலும்புகள் வெள்ளையாகத் தெரிந்தன. முன்னங்கால்கள் இரண்டும் வில்லாக வளைந்தே இறுகியிருந்தன. கீர்த்தி துள்ளினாள். அக்கா அவளைத் துள்ள விட்டுவிட்டு, பிறகு சொன்னார்.

"எலும்பு இறுகினது நல்லது. அது மட்டும் காணாது. இந்த வளைஞ்ச காலோட நடக்க அதுக்கு விருப்பம் இருக்கோ எண்டு பாக்கவேணும். நோவோட இழுபட்டுக்கொண்டு கிடக்கிறதெண்டால், நாங்கள் எங்களுக்காக அதை வச்சிருக்கேலாது. ஞாயிற்றுக்கிழமை திறந்து பாப்பம்."

ஞாயிற்றுக்கிழமை என் கணவர் காலையிலேயே சவரம் செய்து, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டார். அக்கா வந்தார். அன்று தோளில் ஒரு கறுப்புப் பை இருந்தது. அதைச் சப்பாத்துகள் வைக்கும் இடத்துக்கு மேலே, கொக்கியில் உயரமாக மாட்டினார். மகள் அதை எட்டிப் பிடிக்கப் போனபோது, "அது வேண்டாம் செல்லம்," என்று முதன்முறையாகக் கொஞ்சம் விரைவாகச் சொன்னார்.

நடைபாதையில் எல்லாரும் சுவரோரமாக உட்கார்ந்தோம். அக்கா கடைசியில், கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிப் படுத்தார். கீர்த்தி கூட்டின் கதவைத் திறந்தாள்.

நிஸ்ஸே மூக்கை நீட்டியது. உள்ளே இழுத்துக்கொண்டது. என் கணவர் வாயைத் திறக்கப் போனதை நான் பார்த்தேன். கூப்பிட்டால் வரும், அவர் குரலுக்கு வரும். அக்கா தரையிலிருந்தபடியே, "கூப்பிடாதைங்கோ தம்பி," என்றார். "உங்களுக்காக வாறது எனக்குத் தேவையில்லை."

அது எவ்வளவு கொடுமையான சொல் என்று அந்த நேரத்தில் நினைத்தேன். என் கணவர் தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நிஸ்ஸே வெளியே வந்தது. வளைந்த கால்களில், கள்ளுக் குடித்தவன் போல, ஒரு பக்கம் சாய்ந்து. நாலடி வைத்து விழுந்தது. எழுந்தது. மறுபடியும் விழுந்தது. இந்த முறை எழவில்லை. என் மகள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எழுந்து ஓடிப்போய் அதைத் தூக்கவேண்டும் போல் இருந்தது. தூக்கினால் எல்லாம் முடிந்துவிடும் என்றும் தெரிந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அவருடைய திறந்த கண் இமைக்கவில்லை. உலகத்தில் அந்த ஒரு சாண் தரையைத் தவிர வேறொன்றும் இல்லாதது போல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு உயிரை ஒருவர் அப்படிப் பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியாது. நான் பெற்ற பிள்ளையைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. பார்க்கும்போதே பயப்படுவேன், பயத்தில் பாதி மறைந்துவிடும்.

நிஸ்ஸே எழுந்தது. நடக்கவில்லை. முதுகை வில்லாக வளைத்து, வாயைத் திறந்து, பக்கவாட்டில் ஒரு துள்ளுத் துள்ளியது. பிறகு மறுபக்கம். தொண்டைக்குள் கோழி போல கொக்கொக் என்று ஒரு சத்தம். சுவரில் மோதியது. தலையை உதறிவிட்டு மறுபடியும் துள்ளியது.

"ஐயோ, வலிப்பு!" என்றேன் நான்.

"சந்தோசம்," என்றார் அக்கா, அசையாமல். "அதுகள் சந்தோசம் வந்தால் இப்பிடித்தான் ஆடும்."

கீர்த்தி அழுதாள், சிரித்தாள். மகள் எழுந்து தானும் பக்கவாட்டில் துள்ளினாள். என் கணவர் கண்ணைத் திறந்து, நம்பாமல் பார்த்து, பிறகு அந்த ஒடுங்கிய நடைபாதையில் கால்களை நீட்டி மல்லாந்து படுத்தே விட்டார். நிஸ்ஸே அவர் வயிற்றில் மோதி, ஏற முடியாமல், கோபத்தோடு சட்டைப் பொத்தானைக் கடித்தது.

அக்கா தேநீர் கேட்டுக் குடித்தார், முதல் தடவையாக. வளைந்த கால் வளைந்தபடிதான் இருக்கும், உயரம் ஏற விடாதைங்கோ, தீனைக் காகத்துக்குப் போடாதைங்கோ என்றார். பிறகு வாசலுக்குப் போனார். நான் வழியனுப்பப் பின்னால் போனேன். கொக்கியிலிருந்து பையை எடுக்கப் போனபோது வார் அவர் கையில் இரண்டு தரம் நழுவியது. நானே எடுத்துக் கொடுத்தேன்.

"கவனம்," என்றார் தாழ்ந்த குரலில். "ஊசி இருக்கு. மருந்தும் ஏத்தி வச்சிருக்கிறன்."

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

"அந்த ரெண்டாவது தரம் விழுந்தது பாத்தீரே? அப்ப நான் அதை முடிச்சுவிடுவம் எண்டு முடிவெடுத்திட்டன். எழும்ப வெளிக்கிட்டனான். உம்மட மனுசன் கண்ணை மூடிக்கொண்டிருந்ததைப் பாத்திட்டு, இன்னும் கொஞ்சம் கிடப்பம் எண்டு கிடந்தன். அவ்வளவுதான். அவருக்குச் சொல்லாதையும்."

அவர் வாசலில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து பனிச் சப்பாத்தைக் காலில் மாட்டினார். நாடாவை எடுத்தார். முடிச்சு விழவில்லை. மறுபடியும் எடுத்தார்.  மூன்றாம் முறையும் நாடா விரல்களிலிருந்து நழுவியது. உள்ளே என் கணவர் உரக்கச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

நான் அவர் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தேன். நாடாக்களை அவர் விரல்களிலிருந்து வாங்கி, ஒரு காலைக் கட்டினேன், பிறகு மற்றதை. அவிழ்ந்துவிடக் கூடாது என்று இரட்டை முடிச்சாகப் போட்டேன்.

"அவ்வளவு இறுக்கிக் கட்டாதையும் பிள்ளை," என்றார். "நடக்க வேணும்."